எப்ப வருவே என்று கேட்காத ஊர்

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியும். எங்கள் குடும்பத்தைப் பிடித்த சனி அதுதான்.

நேரில் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. எழுதினால் தோஷமில்லை என்று எழுதுகிறேன்: பச்சமுத்து. கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்கள் குப்பத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி. வரை போன முதல் ஆள் அவர். கப்பல்காரர்களோடு பேசிப் பேசி இங்கிலீஷும் நன்றாக வந்துவிட்டது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கோ மெதுவாகப் பேச வராது. மஞ்சக்குப்பத்தில் மீன் கூடையை இறக்கி வைத்து உட்காருகிறவள் மெதுவாகப் பேசினால் காக்காய்தான் வந்து மீனை வாங்கிக்கொண்டு போகும்.

எங்கள் ஊர்க் கட்டு ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். தொழிலுக்குக் கிளம்புகிறவனை நாங்கள் "எப்ப வருவே?" என்று கேட்க மாட்டோம். பெற்றவளும் கேட்க மாட்டாள், கட்டியவளும் கேட்க மாட்டாள். யாராவது கேட்டுத் தொலைத்தால் அவன் அன்றைக்குக் கடலில் இறங்கக் கூடாது. வலையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான். அவனோடு அதே கட்டுமரத்தில் போக இருந்தவர்களும் திரும்பியாக வேண்டும். திரும்பி வருகிற நேரத்தைக் கடல்தான் சொல்ல வேண்டும், மனுஷன் சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் வாயைத் திறந்து "இன்னிக்கி வரும், நாளைக்கி வரும்" என்று சொன்னால் என்ன அர்த்தம்? நிச்சயமாகத் தெரிந்துதான் சொல்கிறான் என்று அர்த்தம். தெரியாதவன் எங்கள் ஊரில் வாயைத் திறக்கவே மாட்டான்.

இந்த ஊருக்குத்தான் அறுபத்து நாலாம் வருஷம் ஆர்ச்சர் துரை வந்து சேர்ந்தார். இங்கிலீஷ்காரர். அவர்கள் நாட்டில் ஏதோ தர்ம சங்கமாம், மீன்பிடிக்கிறவர்களுக்கு எஞ்சின் வைத்த படகு கொடுக்கிறதாம். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டை எடுத்து ஆபீஸ் போட்டிருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டுமென்று துறைமுகத்தில் கேட்க, அங்கிருந்த புண்ணியவான்கள் எல்லோரும் இவரைக் கை காட்டிவிட்டார்கள்.

மாரியம்மன் கோயில் எதிரில் மணலில் ஊர்க் கூட்டம் கூடியது. பெண்டுகள் நாங்கள் பின்னால் நின்றோம். யாருக்கு முதல் படகு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் அண்ணன் அய்யனார் பெயர் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கூடப் பிறந்தது அவன் ஒருத்தன்தான். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அவன் பிடித்த மீனைத்தான் நான் விற்றேன்.

எங்கள் ஊர்த் தலைவர் கலியபெருமாள் நாட்டார் கேட்டார்: "எஞ்சின் எப்ப வரும்னு தொரையக் கேளு பச்சமுத்து. மரத்த வச்சிக்கினு இருக்கலாமா, தள்ளி வுட்டுடலாமான்னு ஊருக்குத் தெரியணும் இல்ல?"

இவர் கேட்டார். துரை சிரித்த முகமாக, "எனி டே நவ்" என்றார்.

இவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இன்னிக்கோ நாளைக்கோ வந்துடும்ங்கறாரு" என்றார்.

"ஊருக்குச் சொன்ன சொல்லா?"

எங்கள் நாட்டார் இந்தக் கேள்வியைக் கேட்டால் அது சாமி முன்னால் கற்பூரம் அணைப்பது மாதிரி. ஆமாம் என்றவன் அப்புறம் பின்வாங்க முடியாது. எவன் வாயில் வந்ததோ அவன் தலையில்தான் விடியும். இவர் துரையிடம் நிச்சயம்தானா என்று இன்னொரு தரம் கேட்டார். துரை இவர் முதுகில் தட்டிக்கொடுத்து, "ஓ எஸ், எனி டே" என்றார். இந்த அப்பாவி மனுஷனும் நாட்டாரைப் பார்த்து, "ஊருக்குச் சொன்ன சொல்லு" என்றுவிட்டார்.

மறுநாளே அண்ணன் தன் கட்டுமரத்தைப் பரங்கிப்பேட்டைக்காரர்களிடம் தள்ளிவிட்டான். அவன் கணக்கும் தப்பில்லை. "எல்லார் ஊட்டுக்கும் எஞ்சின் வந்த பின்னாடி மரத்த எவன் வாங்குவான்? அடுப்புக்குத்தான் போவும். மாப்ள வாயால சொல்லியாச்சி, இனிமே இன்னா?" என்றான். அண்ணி சின்னப்பிள்ளை மட்டும் முணுமுணுத்தாள். அவளை யார் கேட்டார்கள்?

எஞ்சின் வரவில்லை.

கோலா மீன் பருவம் வந்தது. எங்கள் கரையில் வருஷம் பூராவும் சாப்பிட வைக்கிற பருவம் அது. ஊரே கடலில் இருந்தது. என் அண்ணன் மட்டும் கரையில் குந்திக்கொண்டு மேற்கே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், லாரியில் எஞ்சின் வருகிறதா என்று. கடலைப் பார்த்தே வளர்ந்தவன் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

இவர் துறைமுக வேலை முடிந்ததும் தினமும் மஞ்சக்குப்பம் போய் நின்றார். "வெரி சூன்" என்றார் துரை. இன்னொரு நாள் "இன் நோ டைம்" என்றார். "நேரமே ஆகாதுங்கறாரு குப்பு" என்று வந்து சொன்னார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேரமே ஆகாதுன்னா இன்னாய்யா அது? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுமா? மூடித் தொறந்து மூடித் தொறந்து எனக்குக் கண்ணே பூத்துப்போச்சி! தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா அந்த ஆளு வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?"

"அவரு சொன்னதத்தான நான் சொல்ல முடியும்? மாத்திச் சொன்னா அது பொய்யி இல்லியா?"

இப்படிப்பட்ட அரிச்சந்திரனைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்வது?

வாடைக்காற்று திரும்பியபோது அண்ணன் எங்கள் ஊர்ப் பழனிவேல் என்பவனுடைய மரத்தில் கூலிக்கு ஏறினான். சொந்த மரத்தில் பின்னால் நின்று செலுத்தியவன், அடுத்தவன் மரத்தில் சொன்ன இடத்தில் வலையை இழுத்தான். இதற்குள் ஊரில் "எனி டே" ஒரு பழமொழியாகிவிட்டது. குழம்பு எப்போது கொதிக்கும் என்று புருஷன் கேட்டால், "எனி டே" என்பாள் பெண்டாட்டி, நான் போகும்போது வேண்டுமென்றே சத்தமாக. குழாயடியில் என் குடத்துக்குத் தண்ணீர் எப்போது என்று கேட்டேன், ஒருத்தி "எனி டே" என்றாள். அவள் குடத்தைக் காலால் உருட்டிவிட்டு வந்தேன். அப்புறம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. இவரிடம் சொன்னார்கள். இவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அது எனக்கு இன்னும் ஆத்திரம்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஒரு நாள் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"மாப்ள, சொல்லு உன் வாயில வந்திச்சி. தொரை வாயில வரல. எஞ்சின் வர்ற அன்னிக்கித்தான் இனிமே உன் வாசல மிதிப்பேன்."

"மச்சான், உள்ள வந்து பேசுங்க" என்றார் இவர். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது. என் பெண் அமிர்தத்துக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், வேறு எவன் மடியும் ஆகாது. மூன்றாம் வயதில் குத்துவது வழக்கம். எஞ்சின் வரட்டும், அண்ணன் சந்தோஷமாக வரட்டும் என்று ஒத்திப்போட்டோம். மூன்று விட்டால் ஐந்து. இப்போது ஐந்தும் முடியப்போகிறது. மாமன் உயிரோடு இருக்கும்போதே மாமன் மடி இல்லாமல் காது குத்தின பெண் என்று ஊர் சொன்னால், நாளைக்கு அவளைக் கட்டுகிறவன் வீட்டிலும் அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

ஆர்ச்சர் துரை அதற்குள் சிதம்பரத்துக்குக் குடிபோய்விட்டார். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஏதோ பார்க்கிறாராம். "நானும் வர்றேன், அந்த மூஞ்சிய நானே கேக்கறேன்" என்று அமிர்தத்தையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு இவரோடு கிளம்பினேன். குறிஞ்சிப்பாடி, புவனகிரி என்று சுற்றிக்கொண்டு போகிற பஸ். புழுதியில் மூன்று பேரும் செம்மண் பொம்மையாகி இறங்கினோம்.

துரை வாசலுக்கு வந்து பார்த்தார். "ஜஸ்ட் எ மினிட்" என்று உள்ளே போனார்.

இவர் நின்றார். நான் வேப்பமர நிழலில் குந்தினேன். நிழல் என்னை விட்டுவிட்டு நகர்ந்தது, நான் நிழலோடு நகர்ந்தேன். மறுபடியும் நகர்ந்தது. பிள்ளை தூங்கி எழுந்து பசி என்று அழுதது. கோயிலில் உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது. இவர் நின்ற இடத்திலேயே நின்றார். உட்காரச் சொன்னேன். "ஒரு நிமிஷம்னாரு, இப்ப வந்துடுவாரு" என்றார். இத்தனை பட்ட பிறகும் அந்த மனுஷனுக்கு அந்த வார்த்தை மேல் நம்பிக்கை போகவில்லை. அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் துரை வந்தார். கெட்டவனாக இருந்தால் நான்கு வார்த்தை வைதுவிட்டு வந்திருப்பேன். அவர் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார், அதன் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து கன்னத்தைத் தட்டினார். முகத்தில் கள்ளம் கபடு கிடையாது. நான் நேராகவே கேட்டேன்.

"எஞ்சின் எப்ப வரும் சாமி? என் அண்ணன் பொழப்பு போச்சி. எப்ப வரும்?"

இவர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை வருத்தமாகத் தலையை ஆட்டி நீளமாகப் பேசினார். எனக்குப் புரிந்தது கடைசி இரண்டு வார்த்தைதான்: "எனி டே." அப்புறம் கையைக் கொடுத்து, "சீ யூ சூன்" என்று உள்ளே போய்விட்டார்.

"இன்னாய்யா சொன்னாரு?"

"ஊருக்குப் போறாராம். சீக்கிரமா வந்துடுவாராம். எஞ்சின் இப்போதைக்கு நின்னிருக்குதாம். என்னிக்கானாலும் வந்துதான் தீருமாம்."

பஸ் புவனகிரி தாண்டியது. அப்புறம் இவரே பேசினார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"இத்தினி நாளு எனக்கு விளங்கல குப்பு. அவுங்க அதை நேரமா சொல்லல. ஆறுதலா சொல்றாங்க. நாம ஊட்டுல சோறு இல்லாதப்பகூட வந்தவங்கள சாப்ட்டுப் போங்கன்னு சொல்றோமில்ல? அந்த மாதிரி."

"சோறு இல்லன்னா வந்தவனுக்கே தெரியும், வேணாம்னு போயிடுவான். நம்ம ஆசாரி வெள்ளிக்கெழம தர்றேன்னா அது எந்த வெள்ளிக்கெழமன்னு நமக்குத் தெரியாதா? தையக்காரன் நாளைக்கின்னா சிரிச்சிக்கினுதான வர்றோம்? நம்மாளு பொய்யி நமக்குத் தெரியும்யா. இந்த ஆளு கடல் தாண்டி வந்தவன். கடல் தாண்டி வந்தவன் வர்ற நாளு சொன்னா எங்க அண்ணன் நம்பாம இன்னா பண்ணுவான்?"

இவர் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் இவர் தானாகவே நாட்டார் வீட்டுக்குப் போய்க் கூட்டம் கூட்டச் சொன்னார். மணலில் நடுவே நின்று, "எஞ்சின் வராது" என்றார்.

"தொரை சொன்னாரா?" என்றார் நாட்டார்.

"தொரை வரும்னுதான் சொன்னாரு. நான் சொல்றேன், வராது. இது ஊருக்குச் சொன்ன சொல்லு."

முதல் சொல்லுக்கு அபராதம் போட்டார்கள். கட்டினோம். சாமி கும்பிட்டு விபூதி கொடுத்தார்கள். ஊரைப் பொறுத்தமட்டில் கணக்குத் தீர்ந்தது. எஞ்சின் படகு பிற்பாடு எங்கள் கரைக்கும் வந்தது, ரொம்பப் பிற்பாடு, வேறு யாரோ கொடுத்து. அது இந்தக் கதையில் சேராது.

ஊர் மன்னித்தது, அண்ணன் மன்னிக்கவில்லை. முன்னைவிட மோசமாகிவிட்டான். அண்ணி வந்து சொல்லி அழுதாள்: "எனி டேன்னாவது சொல்லிக்கினு இருந்திருக்கக் கூடாதா? காலைல எழுந்து ரோட்டப் பாக்கவாவது அவருக்கு ஒரு சாக்கு இருந்திச்சி. இப்ப அதையும் புடுங்கிட்டாரே உங்க ஊட்டுக்காரரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் வருகிற அன்றைக்கு வருவேன் என்றவன் அவன். வராது என்று இவர் ஊருக்குச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் என் அண்ணன் என் வாசலை இனி மிதிக்கவே போவதில்லை.

ஆனாலும் காதுகுத்துக்கு நாள் குறித்தேன். தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வலையில் கிழிந்த கண்ணைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வர்ற புதங்கெழம காலைல கோயில்ல பாப்பாவுக்குக் காது குத்தறோம். நீ வரணும்."

ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனி டே" என்றான்.

என் கூடப் பிறந்தவன் வாயிலிருந்து அந்த வார்த்தை. தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன், வைதேன், இன்னொரு தரம் அழுதேன். துரையை வைதேன், இவரை வைதேன், எஸ்.எஸ்.எல்.சி. படிக்க வைத்த மாமனாரையும் விடவில்லை.

புதன்கிழமை விடிந்தது. கோயில் எதிரில் ஆசாரி வந்து ஊசியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மணைப்பலகை போட்டாயிற்று. அமிர்தம் புதுப் பாவாடையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மணையில் உட்காரத்தான் ஆள் இல்லை. "தாய்மாமன் எங்கம்மா?" என்றார் ஆசாரி. எல்லோரும் கரைப் பக்கம் பார்த்தார்கள். "நான் வேணா மடியில வச்சிக்கட்டுமா?" என்று இவர் மெதுவாகக் கேட்டார். அப்பன் மடியில் காது குத்துவது எந்த ஊர் வழக்கம்? எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

பழனிவேல் மரத்தைக் கட்டி முடித்துத் தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். வலை ஏறிவிட்டது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று மரத்தில் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு அலை போதும், போயிருப்பார்கள்.

"அண்ணே!"

அவன் திரும்பவில்லை.

ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அண்ணே, எப்ப வருவே?"

மரத்தைத் தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கரையில் கருவாடு காய வைத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பழனிவேல், "அடிப் பாவி! உன் வாயில கொள்ளிய வைக்க! இன்னாடி கேட்டுட்ட!" என்று அடிக்க வந்தான்.

"நல்லா கேப்பேன்! அபராதம் போடு, கட்டறேன்! ஊரே எங்க ஊட்டப் பாத்து எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டீங்களே, நான் ஒரு தரம் கேக்கக் கூடாதா? எப்ப வருவேண்ணே? எப்ப வருவே?"

அண்ணன் தண்ணீரிலிருந்து ஏறினான். வந்த வேகத்தைப் பார்த்து அறையப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அறையட்டும் என்று நின்றேன். என் முகத்துக்கு நேரே வந்து நின்று மூச்சு வாங்கினான். இனி இன்றைக்கு அவனுக்குக் கடல் கிடையாது. வீடு திரும்புகிற வழி கோயில் வழியாகத்தான், எங்கள் குப்பத்தில் வேறு வழி கிடையாது.

விறுவிறுவென்று நடந்தான். நான் பின்னால் ஓடினேன். கோயில் எதிரே வந்ததும் நின்றான். ஆசாரியைப் பார்த்தான், மணையைப் பார்த்தான். அமிர்தம், "மாமா, பாவாட!" என்று துணியை விரித்துக் காட்டியது. ஈர வேட்டியோடு மணையில் உட்கார்ந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஊசி இறங்கும்போது அது வீறிட்டு அழுது அவன் தோளைக் கடித்தது. அவன் அசையவில்லை. பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டான், அவன் கண்ணும் கலங்கியது. இரண்டாவது காதும் முடிந்தது.

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நடந்தான்.

இவர் பின்னாலேயே நான்கு அடி போனார். பேசுவாரோ மாட்டாரோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மச்சான்," என்றார். "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

அண்ணன் நின்றான். வாசலில் நின்று பேசிவிட்டுப் போன நாளிலிருந்து இவரிடம் ஒரு சொல் பேசாதவன் அவன். திரும்பாமலேயே சொன்னான்.

"எனி டே."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்கிறார், இங்கிலீஷ் படித்த மனுஷன். எனக்கு எங்கே தெரியும்? வீட்டுக்குப் போய் அவனுக்கும் சேர்த்து உலை வைத்தேன்.